குரல் சன்னமாக இருந்தால் வகுப்பு அடங்காதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பி.எட். இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்வரை பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள். அவர் ஏதோ வேலையாக எழுந்து போனதும் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. பள்ளியில் ஒருவர், "முதல் வாரம் சிரிக்கவே சிரிக்காதே, கையில் குச்சி இருக்கட்டும்" என்கிறார். கல்லூரியிலோ, "அன்பாக நடந்துகொள், தானாக அடங்கும்" என்கிறார்கள். உங்களுக்குக் குரல் சன்னம். இரண்டு பாடவேளை கத்தினால் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "சிலருக்கு இது பிறவியிலேயே வரும் போலிருக்கிறது, எனக்கு வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறங்கவிடாத கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். பட்டதாரி ஆசிரியராக நெடுங்காலம் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். பிறகு பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக, அவர்களுடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன்.

இது பிறவியில் வருவதில்லை. ஓரளவு உறுதியாகவே சொல்லலாம், ஏனென்றால் ஆய்வும் அனுபவமும் இந்த ஓர் இடத்தில் ஒத்துப்போகின்றன. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஜேக்கப் கூனின் தன் ஆய்வு முடிவுகளை 1970-இல் வெளியிட்டார். வகுப்பில் குறும்பு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில்தான் வகுப்பு அடங்குவதன் சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்துத்தான் அவர் ஆய்வில் இறங்கினார். ஆரம்பப் பள்ளி வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து, நல்ல ஒழுங்கில் இருந்த வகுப்புகளையும் கலைந்து கிடந்த வகுப்புகளையும் ஒப்பிட்டார். கண்டிக்கும் விதத்தில் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. கண்டிப்பு, மென்மை, உரத்த குரல், மெல்லிய குரல் எல்லாம் இரண்டு பக்கமும் இருந்தன. குறும்பு தொடங்குவதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் வேறுபாடு. வகுப்பு முழுவதும் அவர் கண்ணில் இருந்ததா, ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனிக்க முடிந்ததா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி இல்லாமல் வகுப்பை நகர்த்தினாரா, பிள்ளைகளின் கைக்கு எப்போதும் ஒரு வேலை இருந்ததா என்பவை அவை. இவற்றில் எதற்கும் கணீர்க் குரல் தேவையில்லை. எல்லாமே பழக்கத்தில் வருபவை.

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். புதிதாக வண்டி ஓட்டப் பழகுகிறவர் கியரைக் குனிந்து பார்ப்பார், சாலை அவர் கண்ணில் படாது. பயிற்சி ஆசிரியரின் கண்ணும் அப்படித்தான். பாடத்திட்டக் குறிப்பேட்டில் அடுத்த வரி என்ன, ஒட்டிய சார்ட் நழுவுகிறதா, கரும்பலகையில் எழுத்து கோணுகிறதா என்பதிலேயே பார்வை சுற்றிக்கொண்டிருக்கும். அவர் குறிப்பேட்டைப் பார்க்கிற அந்த நான்கைந்து நொடிக்குள் மூன்றாம் வரிசையில் ஒரு பேனா மூடி பறந்துபோய் இறங்கிவிடும். அவர் நிமிர்ந்து, சிரிப்பது யார் என்று தேடி, தவறான பிள்ளையைக் கண்டிப்பார். வகுப்பு ஆசிரியரை எடைபோடும் நேரம் அதுதான். "இவருக்குத் தெரியவில்லை" என்று பிள்ளைகள் முடிவு கட்டினால், அடுத்த பேனா மூடி இன்னும் துணிச்சலாகப் பறக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள்: குறிப்பேட்டின் துணை தேவைப்படாத அளவுக்குப் பாடத்தின் முதல் பத்து நிமிடங்களையாவது மனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். கரும்பலகையில் எழுதும்போது முதுகை முழுதாகத் திருப்பாமல் பக்கவாட்டில் நின்று எழுதுங்கள். ஒரு வரி எழுதியதும் திரும்பி வகுப்பைப் பாருங்கள். நீளமாக எழுத வேண்டியதைப் பெல் அடிப்பதற்கு முன்பே எழுதிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு வகுப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒளி எதிரொளிப்புப் பாடம். பயிற்சி ஆசிரியை மிகுந்த ஈடுபாட்டுடன் தயாரித்து வந்திருந்தார். வீட்டிலிருந்து ஒரு பை நிறையச் சின்னச் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடிகள். உள்ளே நுழைந்ததும் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, "இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள்" என்றார். யார் கவனிப்பார்கள்? ஜன்னல் வெயில் கண்ணாடியில் பட்டதும் கூரை முழுக்க வெளிச்சப் பொட்டுகள் ஓடின. ஒன்றை ஒன்று துரத்தின, மின்விசிறியில் ஏறின, கடைசியில் ஆசிரியையின் முகத்திலேயே வந்து உட்கார்ந்தன. அவர் கத்தினார், கண்ணாடிகளைத் திரும்ப வாங்கினார், பாடவேளை அதிலேயே கழிந்தது. மாலையில் அழாத குறையாக வந்து நின்றவரிடம் நான் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையைப் பற்றி மட்டும் பேசினேன். மறுநாள் பக்கத்துப் பிரிவில் அதே பாடத்தை எடுத்தார். கண்ணாடிகள் பையிலேயே இருந்தன. முதலில் செய்ய வேண்டிய மூன்று காரியங்களைப் பலகையில் எழுதினார். ஒரு மாணவியை எழுப்பி, "முதலில் என்ன செய்யப் போகிறோம்?" என்று சொல்லவைத்தார். நோட்டில் கட்டம் வரைந்து முடித்த குழுவுக்கு மட்டும் கண்ணாடி என்றார். "முதல் இரண்டு நிமிடம் கூரையில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்று எழுதுங்கள்" என்று அந்த ஆசைக்கும் பாடத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கினார். குரலும் அதேதான், வயதும் அதேதான். வகுப்பு மட்டும் வேறாக இருந்தது. பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டளை சொல்லக் கூடாது என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே அறிவியல் ஆசிரியருக்குப் பாதித் தலைவலி குறைந்துவிடும்.

அடுத்தது, வகுப்புக்குள் நுழையும் நேரம். பெல் அடித்து முந்தைய ஆசிரியர் வெளியேறி நீங்கள் உள்ளே வருவதற்குள் இருக்கும் இடைவெளியில்தான் பெரும்பாலான கலவரம் முளைக்கிறது. முடிந்தவரை பெல் அடிக்கும்போதே வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் பிள்ளைகள் நோட்டில் செய்ய ஒரு சின்ன வேலை பலகையில் இருக்கட்டும். நேற்றைய பாடத்திலிருந்து ஒரு கேள்வி, ஒரு படத்தில் பாகங்களைக் குறிப்பது, ஏதாவது ஒன்று. தினமும் அதே இடத்தில், அதே மாதிரி இருக்கட்டும். வருகைப் பதிவேட்டையோ வீட்டுப்பாடத்தையோ அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதோடு சில நடைமுறைகளை முதல் வாரத்திலேயே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். தண்ணீர் குடிக்கப் போவது எப்போது, தாமதமாக வருகிறவர் எப்படி உள்ளே வர வேண்டும், நோட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து கைமாற்றி அனுப்புவது, பேனாவில் மை தீர்ந்தால் யாரிடம் கேட்பது. இவை அற்பமாகத் தோன்றும். ஆனால் பாடத்தின் நடுவில் "போகலாமா, வரலாமா, வாங்கலாமா" என்று எழும் கேள்விகளில்தான் பாடவேளை உதிர்ந்துபோகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூன்றாம் வகுப்புகளைக் கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து கவனித்து 1980-இல் எழுதிய கட்டுரை இதையே காட்டுகிறது. ஆண்டு முழுக்க நன்றாக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள், முதல் சில வாரங்களில் நடைமுறைகளையும் ஒரு பாடம் போலவே கற்றுக்கொடுத்தார்கள்: சொல்லி, செய்து காட்டி, செய்யவைத்து, தவறினால் பொறுமையாகத் திருத்தி. உங்களுக்கு உள்ள சங்கடம், நீங்கள் ஆண்டின் நடுவில் நுழைகிறீர்கள். அதனால் புதிய விதிகளைக் கொண்டுபோய் இறக்காதீர்கள். வகுப்பாசிரியர் ஏற்கெனவே பழக்கியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே தொடருங்கள். ஒன்றிரண்டு மட்டும் உங்களுடையதாக இருந்தால் போதும்.

குரலுக்கு வருகிறேன். கத்துகிற ஆசிரியரின் வகுப்பு, கத்தல் நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத் தன் பேச்சைத் தொடர்கிறது. இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்ற ஏற்ற, பிள்ளைகளும் ஏற்றிக்கொண்டே போவார்கள். தொண்டையும் கெடும். குரல்வளைக் கோளாறு மற்றத் தொழிலில் உள்ளவர்களைவிட ஆசிரியர்களிடம் அதிகம் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விஷயம். தொண்டைக்கட்டு சில வாரங்கள் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், கஷாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சன்னமான குரல் உள்ளவர்கள் செய்ய வேண்டியது, பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே அமைதியை வாங்குவது. நடுவில் ஓரிடத்தில் நில்லுங்கள், நடக்காதீர்கள், எழுதாதீர்கள், வகுப்பைப் பாருங்கள். ஒரே சொற்றொடரைத் தினமும் பயன்படுத்துங்கள்: "பேனாவைக் கீழே வையுங்கள், கண் இங்கே." பெரும்பாலானவர்கள் திரும்பியதும், மிச்சமுள்ள ஓரிருவரின் பெயரை மட்டும் தணிந்த குரலில் சொல்லுங்கள். வகுப்பு பேசிக்கொண்டிருக்கும்போது பாடத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். ஒருநாள் தொடங்கிவிட்டால், நீங்கள் பேசும்போது அவர்களும் பேசலாம் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

கேள்வி கேட்கும் முறையிலும் ஒழுங்கு அடங்கியிருக்கிறது. நம் வகுப்புகளில் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்று கூட்டாகக் குரல் வரும். அதில் யாருக்கும் எதுவும் தெரிய வராது. கூட்டாகக் குரல் எழுப்பியே பழகிய வகுப்பு, பாடம் இல்லாத நேரத்திலும் கூட்டாகவே குரல் எழுப்பும். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற அனைவரும் விடுதலையாகிவிடுவார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், நிறுத்துங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். அந்த நிறுத்தத்தைப் பற்றி அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் செய்த வேலை புகழ்பெற்றது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லை. முப்பத்தைந்து முகங்களுக்கு முன்னால் நிற்கும்போது அது யுகமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள்.

பெயர்களைக் கற்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். "ஏய், நீல ரிப்பன்", "கடைசி பெஞ்சு, உன்னைத்தான்" என்று அழைக்கும்வரை நீங்கள் விருந்தாளிதான். வகுப்பாசிரியரிடம் வருகைப் பதிவேட்டை வாங்கி, உட்காரும் வரிசைப்படி ஒரு தாளில் கட்டம் போட்டுப் பெயர்களை எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுத் திருத்தும்போது பெயரைப் பார்த்து முகத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். மறுபடி மறுபடி பார்த்தால் முதல் வாரத்துக்குள் பாதிக்கு மேல் வந்துவிடும். இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் லீடர் எழுந்து, கரும்பலகையின் ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவதும், மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று ஏற்றுவதும் நெடுநாள் வழக்கம். எனக்கு இது அறவே பிடிப்பதில்லை. லீடருக்கு வேண்டியவர்கள் அதில் வருவதில்லை, வேண்டாதவர்கள் வாய் திறக்காமலேயே வந்துவிடுவார்கள். நீங்கள் பார்க்காத ஒன்றுக்குத் தண்டனை கொடுக்கும் நிலையில் உங்களை நிறுத்திவிடும். அந்தப் பட்டியல் உங்களுக்காகக் காத்திருந்தால், எதுவும் சொல்லாமல் அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். வகுப்பு அதைக் கவனிக்கும்.

இவ்வளவு செய்தும் சத்தம் எழத்தான் செய்யும். அப்போது மிகச் சிறிய கருவியிலிருந்து தொடங்குங்கள். பாடத்தை நிறுத்தாமல் அந்தப் பிள்ளையைப் பாருங்கள். போதவில்லையென்றால் பேசிக்கொண்டே நடந்துபோய் அந்த டெஸ்க் பக்கத்தில் நின்று அங்கிருந்தே பாடத்தைத் தொடருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அவன் பெயரை வாக்கியத்துக்குள் நுழைத்துவிடுங்கள்: "படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும், கார்த்திக், சமமாக இருக்கும்." பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அதையும் தாண்டினால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவன் உடனே கீழ்ப்படிகிறானா என்று அங்கேயே நின்று பார்க்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு நண்பர்கள் முன்னால் முகம் போவதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. நின்றீர்களானால் அவன் எதிர்த்துப் பேசியே ஆக வேண்டும், நகர்ந்தால் கௌரவமாக நோட்டைத் திறப்பான். "வெளியே போ" என்ற சொல்லை எடுக்காதீர்கள். அவன் போக மாட்டேன் என்றால் உங்களிடம் அடுத்த கருவி இல்லை, போய்விட்டால் பள்ளி வளாகத்தில் அவனுக்கு நேர்வதற்கு நீங்கள் பொறுப்பு. வகுப்பு முழுவதையும் சேர்த்துத் தண்டிப்பதும் வேண்டாம். ஒழுங்காக இருந்த பிள்ளைகள்தான் உங்கள் பக்கம் நிற்கக்கூடியவர்கள், அவர்களை இழந்துவிடுவீர்கள்.

குச்சியைப் பற்றி எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அடிக்கக் கூடாது, அடிப்பதுபோலக் காட்டவும் கூடாது. இது என் விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் உடல்தண்டனைக்கு இடம் தந்துவந்த 51-ஆம் விதி 2003-லேயே திருத்தப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல்தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்கிறது. முட்டி போடவைப்பதும், சாதியையோ குடும்பத்தையோ உடலையோ சொல்லி ஏளனம் செய்வதும் இதில் அடங்கும். "என்னை அடித்துத்தான் வளர்த்தார்கள், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்வார்கள். அடி தாங்காமல் பள்ளியை விட்டு நின்றுபோனவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து பேச வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தவிரவும், குச்சியால் கிடைக்கும் அமைதி குச்சி இருக்கும்வரைதான். வழிகாட்டி ஆசிரியை எழுந்து போனதும் நடப்பதை நீங்களே பார்க்கிறீர்களே.

ஆனால் "அன்பாக இரு, தானாக அடங்கும்" என்பதும் பாதி அறிவுரைதான். அன்பு இருக்கட்டும். அது வகுப்பை நடத்தாது. அன்பை நிரூபிக்க நினைத்து முதல் நாளே கதை, பாட்டு, "என்னை அக்கா என்றே கூப்பிடுங்கள்" என்று தொடங்கிய பயிற்சி ஆசிரியர்கள் மூன்றாவது வாரத்தில் கண்டிப்பைத் தேடிப் போனதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அப்போது பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதுபோல உணர்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. "டீச்சர்" என்றோ "மிஸ்" என்றோ அந்தப் பள்ளியில் எது வழக்கமோ அதுவே இருக்கட்டும். சிரியுங்கள், சிரிக்காமல் இருப்பதில் ஒரு பலமும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை அனுமதித்ததைச் செவ்வாய்க்கிழமை கண்டிக்காதீர்கள். சொன்னதைச் செய்யுங்கள், செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் ஆசிரியரிடம் எதிர்பார்க்கும் அன்பில் பெரும்பங்கு இந்த நியாயம்தான்.

குறும்பு எல்லாமே குறும்பு அல்ல என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு பையன், புத்தகத்தை வரிசையாக வாசிக்கவைக்கும் நாட்களில் மட்டும் தன் முறை நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், பேனாவைத் தட்டிவிடுவான். ஆசிரியர் திட்டி நிற்கவைப்பார், முறை தாண்டி அடுத்தவனுக்குப் போய்விடும். அவனுக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை. எட்டாம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பதைவிடத் திட்டு வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். கலாட்டா எப்போது நடக்கிறது, அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தினமும் இரண்டு வரி குறித்துவையுங்கள். ஒரு வாரத்தில் அதன் போக்கு தெரிந்துவிடும். பி.டி. பீரியட் முடிந்து வியர்வையோடு வரும் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பாடவேளை, வெள்ளிக்கிழமை கடைசி பெல்லுக்கு முந்தைய நேரம் ஆகியவற்றுக்கு எழுதும் வேலையை அதிகமாகவும் விளக்கவுரையைக் குறைவாகவும் வைத்துத் திட்டமிடுங்கள்.

இதுவரை சொன்னதில் எது எவ்வளவு உறுதி என்பதையும் பிரித்துச் சொல்வது என் கடமை. கூனினும் டெக்சாஸ் குழுவும் பார்த்தவை அமெரிக்க ஆரம்பப் பள்ளிகள். அவை ஆசிரியர் நடத்தைக்கும் வகுப்பு ஒழுங்குக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டுகின்றன; இதனால்தான் அது என்று முழுமையாக நிறுவிவிடவில்லை. நல்ல வகுப்பு கிடைத்த ஆசிரியருக்குச் சீராக நடத்துவது எளிதாக இருந்திருக்கலாம். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அறுபது பேர் நெருக்கியடித்து உட்காரும் அறையில், டெஸ்க் அருகே நடந்துபோய் நிற்பதற்கே வழி இருக்காது. அங்கே நான் சொன்னவற்றில் பாதிதான் செல்லும். பரிசு, நட்சத்திரம், மதிப்பெண் அட்டை ஆகியவை பற்றிக் கருத்து இரண்டாகவே நிற்கிறது. ஓவியம் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்ட மழலைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது என்று ஸ்டான்ஃபோர்டில் நடந்த, 1973-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிடிக்காத வேலையைத் தொடங்கவைக்கப் பரிசு உதவும் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. என் கணிப்பில், குறிப்பிட்டுச் சொல்லும் ஒரு பாராட்டு ("படத்தில் அம்புக்குறியை மறக்காமல் போட்டிருக்கிறாய்") நட்சத்திர ஸ்டிக்கரைவிட அதிக நாள் நிற்கிறது. இது ஆய்வு முடிவு அல்ல, என் கணிப்பு மட்டும்தான். குழுவாக உட்காரவைப்பதா வரிசையாகவா என்பதிலும் ஒரே பதில் கிடையாது. தனியே எழுதும் வேலைக்கு வரிசை, பேசிச் செய்யும் வேலைக்குக் குழு என்று வேலையைப் பார்த்து மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

உங்கள் நிலைமையில் உள்ள தனிச் சிக்கலை மறந்துவிடக் கூடாது. கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்கள். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான அந்த முறை, ஒரு திறனை மட்டும் சில நிமிடங்களுக்கு, சிலர் முன்னால் பழகுவதற்கானது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சக மாணவர்கள். அவர்கள் பேனா மூடி எறியவில்லை. பி.எட். 2015-இல் இரண்டு ஆண்டாக மாறியபோது பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரமாக நீண்டதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். இரண்டாம் ஆண்டின் 16 வாரத்தில் முதல் சில வாரங்கள் தடுமாற்றமாகவே இருக்கும். புதிய ஆசிரியர்களின் கவலை முதலில் தன்னைப் பற்றியே இருக்கிறது, பிறகுதான் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்பதன் பக்கம் திரும்புகிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஃபிரான்சஸ் ஃபுல்லர் 1969-இல் எழுதினார். படிகள் எப்போதும் அதே வரிசையில் வருகின்றனவா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் "எனக்கு வராது போலிருக்கிறது" என்ற உங்கள் வரி அந்த முதல் கவலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீங்கள் சில வாரங்களில் போய்விடுவீர்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அதை மறைக்க முயல வேண்டாம். "உங்கள் டீச்சரிடம் சொல்லிவிடுவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வகுப்பு உங்களுடையது அல்ல என்று நீங்களே அறிவித்ததாகிவிடும். வழிகாட்டி ஆசிரியையிடம் நேரடியாகப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: வகுப்பில் இருக்கும்போது அவர் குறுக்கிட வேண்டாம், பார்த்ததைக் குறித்து வைத்துப் பிறகு சொல்லட்டும். முதலில் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் அவர் வெளியே போகட்டும். அடுத்த வாரம் அந்த நேரத்தைக் கூட்டுங்கள். நீங்களும் கேட்டு அனுமதி வாங்கி, அதே எட்டாம் வகுப்பு வேறு ஆசிரியரிடம் எப்படி இருக்கிறது என்று பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பாடத்தைக் கவனிக்காமல் ஆசிரியரின் கண்ணும் காலும் எங்கே போகின்றன என்பதை மட்டும் பாருங்கள். ஆசிரியர் விடுப்பில் போன வகுப்புக்கெல்லாம் பயிற்சிக்கு வந்தவரை அனுப்பிவைப்பது பள்ளிகளில் சகஜம். அதற்காக எந்த வகுப்புக்கும் ஒத்துவரும் எழுத்து வேலை இரண்டு மூன்றைப் பையில் எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

நான் சொன்னது எதுவும் பொருந்தாத சில நிலைமைகள் உண்டு. பிள்ளைகளுக்கிடையே அடிதடி, மிரட்டல், சாதி சார்ந்த பகை ஆகியவை வகுப்பறை மேலாண்மைக்கு உட்பட்டவை அல்ல. கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் வரை சாதி அடையாளமாகப் பயன்படுவதைச் சுட்டி, அவற்றைத் தடை செய்யும்படி நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "பிடித்தவர்களோடு குழு சேருங்கள்" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதுகூட அந்தப் பிளவின் வழியே பிரிந்துவிடலாம். அதனால் குழுவை நீங்களே, வருகைப் பதிவேட்டு எண்ணைக் கொண்டு பிரியுங்கள். மோதல் கண்ணில் பட்டால் அன்றே வகுப்பாசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் சொல்லுங்கள், தனியே தீர்க்கப் போகாதீர்கள். ஒரு பிள்ளையின் நடத்தை திடீரென மாறி, வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தாலும் அப்படியே. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. கற்றல் குறைபாடோ கவனக் குறைபாடோ இருக்கலாம் என்று தோன்றினால் சிறப்பு ஆசிரியர் பார்க்கட்டும். நீங்களோ நானோ பெயர் சூட்டக் கூடாது.

இத்தனையையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்க்காதீர்கள். நாளைக்குப் பெல் அடிக்கும்போது வாசலில் நிற்பது, பலகையில் ஒரு கேள்வி, மேசைமேல் பெயர்க் கட்டம் ஆகிய மூன்றோடு போங்கள். அடுத்த வாரம் கேள்விக்குப் பின்னான மூன்று நொடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஆசிரியை எழுந்து போவது எந்தப் பாடவேளையில், அப்போது பிள்ளைகள் கையில் என்ன வேலை இருக்கிறது, சத்தம் முதலில் எந்த வரிசையிலிருந்து எழுகிறது என்று கவனித்து எழுதுங்கள். அதைப் பார்த்தால் உங்கள் வகுப்புக்கென்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.